யாருடைய பிழை? அமெரிக்கப் புகையிரத ஊழியர்களின் நட்டஈட்டுச் சட்டம்

நட்டஈடு என்ற சொல் எங்கள் வாசகர்களுக்குப் புதியதல்ல. படிவம் நிரப்பியவர்கள், கிராம அலுவலரிடம் உறுதிக் கடிதம் வாங்கியவர்கள், வைத்தியசாலைத் துண்டைப் பொலித்தீன் பைக்குள் வைத்துப் பல ஆண்டுகளாகப் பாதுகாப்பவர்கள் எம்மிடையே ஏராளம். அவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரே கேள்வி எழுந்திருக்கும். தருகின்ற பணம் உதவியா, உரிமையா? தருபவர் தன் பிழையை ஏற்றுக்கொண்டு தருகிறாரா, அல்லது பிழை பற்றிப் பேச்சே எழாமல் இருப்பதற்காகத் தருகிறாரா?

இந்தக் கேள்வியையே மையமாகக் கொண்டு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கிவரும் சட்டம் ஒன்று ஐக்கிய அமெரிக்காவில் இருக்கிறது. 1908 ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தொழில்தருநர் பொறுப்புச் சட்டம் என்பது அதன் பெயர். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஃபெலா’ என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். வேலையில் காயமடையும் புகையிரத ஊழியர்களுக்கும், இறந்துபோகும் ஊழியர்களின் குடும்பங்களுக்கும் நட்டஈடு பெற்றுத் தருவது இந்தச் சட்டமே. அமெரிக்காவின் ஏனைய தொழிலாளர்களில் பெரும்பாலானோருக்கு வேறு முறை ஒன்று உள்ளது. புகையிரத ஊழியர்களுக்கு மட்டும் ஏன் தனியான சட்டம்? அது எப்படி இயங்குகிறது?

நாளுக்கு இரண்டு டொலரும் ஒரு வலது கையும்

1837 ஆம் ஆண்டு மசாசூசெட்ஸ் மாநிலத்தில், பொஸ்டன் – வூஸ்டர் புகையிரத நிறுவனத்தில் இயந்திரச் சாரதியாக இருந்தவர் நிக்கலஸ் ஃபார்வெல். தண்டவாளத்தை ஒரு பாதையிலிருந்து மற்றப் பாதைக்கு மாற்றிவிடும் பொறுப்பில் இருந்த இன்னோர் ஊழியர் அதைப் பிழையாக விட்டுவிட்டார். புகையிரதம் தடம் புரண்டது. ஃபார்வெலின் வலது கை நசுங்கிப் போனது.

அவர் நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தார். 1842 இல் மாநிலத்தின் தலைமை நீதியரசர் லெமுவல் ஷோ அதைத் தள்ளுபடி செய்தார். அவர் சொன்ன காரணம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஃபார்வெல் நாளொன்றுக்கு இரண்டு டொலர் சம்பளம் பெற்றார். அந்தத் தொழிலின் ஆபத்து அந்தச் சம்பளத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது என்பது முதலாவது. கூட வேலை செய்பவரின் பிழையால் நேர்ந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பாக மாட்டார். தொழிலாளர்கள் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது இரண்டாவது.

பல மைல் நீளமான பாதையில் எங்கோ ஓரிடத்தில் நிற்கும் ஊழியரை, ஓடும் இயந்திரத்தில் நிற்கும் சாரதி எப்படிக் கவனிப்பது? தீர்ப்பில் அதற்கு இடம் இருக்கவில்லை. அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேலாக அமெரிக்க நீதிமன்றங்கள் இந்த வழியிலேயே சென்றன.

மூன்று சுவர்கள்

காயமடைந்த தொழிலாளி நீதிமன்றம் சென்றால் அவருக்கு முன்னால் மூன்று சுவர்கள் நின்றன.

ஒன்று, சக ஊழியர் விதி. பிழை விட்டவர் கூட வேலை செய்பவர் என்றால் நிறுவனத்திடம் எதுவும் கேட்க முடியாது. புகையிரதத்தில் அநேகமாக எல்லாப் பிழைகளும் யாரோ ஓர் ஊழியரின் கையால்தான் நடக்கும்.

இரண்டு, ஆபத்தை ஏற்றுக்கொண்டமை. பழுதான பிரேக், வெளிச்சமில்லாத தரிப்பிடம் என்று தெரிந்தும் வேலைக்குப் போனீர்கள். ஆகவே நீங்களே அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டவர் என்பது வாதம்.

மூன்று, தன் பங்குக் கவனயீனம். நிறுவனத்தின் பிழை மிகப் பெரிதாக இருந்தாலும், தொழிலாளியின் பக்கம் சிறு கவனக்குறைவு இருந்தால் முழு வழக்கும் போய்விடும்.

போர்வீரனுக்கு நிகரான ஆபத்து

அந்தக் காலத்தில் பெட்டிகளை இணைப்பது கைவேலை. நெருங்கி வரும் இரண்டு பெட்டிகளுக்கு இடையில் நின்று, இரும்பு வளையத்தைக் கையால் வழிப்படுத்தி மறுபக்கத் துவாரத்துக்குள் விட்டு, மேலிருந்து ஓர் இரும்பு முளையைச் செருக வேண்டும். ஒரு கணம் தவறினால் விரல் போகும், கை போகும், ஆளே நசுங்கிப் போவார். விரல் இல்லாத கையைப் பார்த்தே அனுபவமுள்ள ஊழியரை அடையாளம் காணலாம் என்று பேசப்பட்ட காலம் அது. பிரேக் போடுவதற்கு ஓடும் பெட்டிகளின் கூரைமேல், மழையிலும் பனியிலும் நடந்து போய்ச் சக்கரத்தைத் திருக வேண்டியிருந்தது.

தானாகவே பொருந்தும் இணைப்புக் கருவிக்கு எலி ஜன்னி என்பவர் 1873 இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். காற்றமுக்கப் பிரேக்கும் வந்துவிட்டது. ஆயினும் நிறுவனங்கள் செலவைக் காரணம் காட்டி அவற்றைப் பொருத்தத் தயங்கின. 1889 ஆம் ஆண்டு ஜூன் மாதத்துடன் முடிந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 2,000 புகையிரத ஊழியர்கள் இறந்தார்கள். ஏறத்தாழ 20,000 பேர் காயமடைந்தார்கள்.

அயோவா மாநிலத்து விவசாயியான லொரென்சோ கொஃபின் இந்தச் சாவுகளை நிறுத்த வேண்டும் என்று பல ஆண்டுகள் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். 1889 டிசெம்பரில் ஜனாதிபதி பெஞ்சமின் ஹரிசன் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில், தேவையான ஒரு தொழிலைச் செய்யும் தொழிலாளர்கள் போர்க்காலச் சிப்பாய்க்கு நிகரான உயிராபத்தில் இருப்பது நாகரிகத்துக்கே இழுக்கு என்ற கருத்தை வெளியிட்டார். ஹரிசன் உள்நாட்டுப் போரில் படை நடத்தியவர். எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது அவருக்குத் தெரியும்.

1893 இல் பாதுகாப்புக் கருவிகள் சட்டம் வந்தது. தானியங்கி இணைப்பும் காற்றுப் பிரேக்கும் கட்டாயமாகின. ஆனால் காயமடைந்தவருக்கு எதிரே நின்ற சுவர்களில் பெரும்பகுதி அப்படியே இருந்தது.

சட்டம் வந்த கதை

1906 இல் காங்கிரஸ் முதலாவது பொறுப்புச் சட்டத்தை இயற்றியது. 1908 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. மாநிலங்களுக்கு இடையிலான வர்த்தகத்தில் ஈடுபடாத ஊழியர்களையும் அது உள்ளடக்கியதே காரணம். காங்கிரஸ் தாமதிக்கவில்லை. அந்தக் குறையைத் திருத்திப் புதிய சட்டம் தயாரானது. 1908 ஏப்ரல் 22 அன்று ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதில் ஒப்பமிட்டார். 1912 இல் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

சக ஊழியர் விதியை அந்தச் சட்டம் நீக்கியது. தொழிலாளியின் கவனயீனம் இனி வழக்கையே அழிக்காது. நட்டஈட்டுத் தொகையை மாத்திரம் விகிதப்படி குறைக்கும் என்றது. ‘ஆபத்தை ஏற்றுக்கொண்டமை’ என்ற சுவர் மட்டும் பகுதியளவில் மிஞ்சியது. 1939 ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் முற்றாக இடித்தது. அதே திருத்தம், மாநிலங்களுக்கு இடையிலான வர்த்தகத்துக்கு எந்த வகையிலாவது உதவும் வேலையைச் செய்கின்ற எல்லாப் புகையிரத ஊழியர்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. வழக்குத் தொடரும் காலக்கெடுவும் இரண்டு ஆண்டுகளிலிருந்து மூன்று ஆண்டுகளாக நீண்டது.

எதை நிரூபிக்க வேண்டும்?

இங்கேதான் இந்தச் சட்டத்தின் பலமும் பலவீனமும் இருக்கின்றன. வேலையில் காயமடைந்தால் மட்டும் போதாது. நிறுவனத்தின் பக்கம் கவனயீனம் இருந்தது என்று காட்ட வேண்டும். போதிய ஆட்கள் இல்லாமை, பயிற்சி தராமை, பழுதான கருவி, எண்ணெய் சிந்திய தரை, முன்கூட்டியே தெரிந்த ஆபத்தைச் சரிசெய்யாமை என எதுவாகவும் அது இருக்கலாம்.

ஆனால் அந்தக் கவனயீனம் காயத்துக்கு முழுக் காரணமாக இருக்கத் தேவையில்லை. பகுதிக் காரணமாக இருந்தாலே போதும். 1957 இல் உயர் நீதிமன்றம் தீர்த்த ரொஜர்ஸ் வழக்கு இதைத் தெளிவாக்கியது. மிசூரி பசிபிக் நிறுவனத்தில் வேலை செய்த ரொஜர்ஸ், தண்டவாள ஓரத்துப் புற்களைக் கைத்தீப்பந்தத்தால் எரிக்கும் பணியில் இருந்தார். கடந்து சென்ற புகையிரதத்தின் காற்றில் தீ அவரை நோக்கிப் பரவியது. முகத்தைக் கையால் மறைத்துப் பின்வாங்கியவர், மதகின் மேலிருந்த சரளைக் கல்லில் வழுக்கி விழுந்தார். யூரிமார் அவருக்குச் சார்பாகத் தீர்மானித்தார்கள். மாநில உயர் நீதிமன்றமோ பிழை அவருடையதே என்றது. நாட்டின் உயர் நீதிமன்றம் யூரிமாரின் முடிவை மீட்டது. தொழில்தருநரின் கவனயீனம் மிகச் சிறிய அளவிலேனும் காயத்துக்குப் பங்களித்ததா என்பது மட்டுமே கேள்வி என்றது. 2011 இல் மக்பிரைட் வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் இதே நிலைப்பாடு மீண்டும் உறுதியானது.

சட்டபூர்வமான பாதுகாப்புக் கருவி விதி மீறப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் எளிது. பெட்டியின் இணைப்புக் கருவியோ, பிரேக்கோ, இயந்திரமோ சட்டம் கேட்கும் நிலையில் இருக்கவில்லை என்றால், கவனயீனத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை.

பிழை இருபக்கமும் இருந்தால்

மேற்சொன்ன மக்பிரைட் ஓர் இயந்திரச் சாரதி. நீண்டநேரம் கைப் பிரேக்கை இயக்க வேண்டிய இயந்திரங்களைத் தந்ததால் கையில் காயம் ஏற்பட்டது என்பது அவரது முறைப்பாடு. யூரிமார் இழப்பை 275,000 டொலர் என மதிப்பிட்டார்கள். அதில் மூன்றிலொரு பங்கு பிழை அவருடையது என்றும் கண்டார்கள். எனவே அந்தப் பங்கைக் கழித்து ஏறத்தாழ 184,000 டொலர் கிடைத்தது. 1842 இன் விதி இருந்திருந்தால் அவருக்கு ஒரு சதமும் கிடைத்திராது.

நிறுவனம் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை மீறியதே காயத்துக்குக் காரணமாக இருந்தால், இந்தக் கழிவும் கிடையாது. தொழிலாளியின் பிழை எவ்வளவாக இருந்தாலும் தொகை குறையாது.

இழந்த சம்பளம், எதிர்காலத்தில் இழக்கப்போகும் உழைப்பு, வைத்தியச் செலவு, உடல்வலி, மனவேதனை ஆகிய எல்லாவற்றுக்கும் நட்டஈடு கேட்கலாம். சட்டம் ஒரு மேலெல்லையை வைக்கவில்லை.

மெல்லக் கொல்லும் காயம்

எல்லாக் காயமும் ஒரே நாளில் நடப்பதில்லை. சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள். அந்த மணல் தூசியை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சுவாசித்த ஊரி என்ற நெருப்புக்காவல் ஊழியர், 1940 இல் நுரையீரல் நோயால் வேலையை விட்டார். முதல் தூசியைச் சுவாசித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளைக் கணக்கிட்டால் அவரது வழக்கு எப்போதோ காலாவதியாகியிருக்கும். 1949 இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நோயின் விளைவு வெளிப்படும்போதே காலம் தொடங்குகிறது என்றது. தொழில்சார் நோயும் இந்தச் சட்டத்தின்படி காயமே என்றும் கூறியது. பின்னாளில் அஸ்பெஸ்டஸ் தூசியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு வழி திறந்தது இந்தத் தீர்ப்பே. 2003 இல், அஸ்பெஸ்டஸால் நுரையீரல் நோய் வந்தவர்கள் தமக்குப் புற்றுநோய் வரலாம் என்ற நியாயமான அச்சத்துக்கும் நட்டஈடு கேட்கலாம் என நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் தூசியைச் சுவாசித்தும் இன்னும் நோய் எதுவும் வராதவருக்கு அந்த வழி இல்லை என்று 1997 இலேயே தீர்ந்திருந்தது.

மனக்காயத்தில் சட்டம் கடுமையாகவே நிற்கிறது. கடும் வெயிலில் வேலை வாங்கப்பட்டுத் தன் நண்பர் கண்முன்னே இறந்துபோனதைப் பார்த்த ஊழியர் ஒருவரின் வழக்கில், 1994 இல் உயர் நீதிமன்றம் ‘ஆபத்து வலயம்’ என்ற அளவுகோலை வகுத்தது. கவனயீனத்தால் நேரடியாக உடல் தாக்கப்பட்டவர், அல்லது உடனடியாகத் தாக்கப்படும் ஆபத்துக்குள் நின்றவர் மட்டுமே மனக்காயத்துக்கு நட்டஈடு கேட்கலாம். பக்கத்தில் நின்று பார்த்தவரின் வேதனை உண்மையானதுதான். ஆனால் அந்த வலயத்துக்கு வெளியே நின்றிருந்தால் சட்டம் அதற்கு ஈடு தருவதில்லை. பார்த்ததை மறக்க முடியாமல் வாழ்வது என்னவென்று அறிந்த வாசகர்களுக்கு இந்தக் கோடு எவ்வளவு செயற்கையானது என்று விளக்கத் தேவையில்லை.

ஊழியர் இறந்துவிட்டால்

அவரது சட்டப் பிரதிநிதி வழக்குத் தொடரலாம். முதல் உரிமை வாழ்க்கைத் துணைக்கும் பிள்ளைகளுக்கும். அவர்கள் இல்லாவிட்டால் பெற்றோருக்கு. பெற்றோரும் இல்லாவிட்டால், இறந்தவரில் தங்கியிருந்த நெருங்கிய உறவினருக்கு. இறந்தவர் கொண்டுவந்திருக்கக்கூடிய வருமானமும் அவர் குடும்பத்துக்குச் செய்திருக்கக்கூடிய பணிகளும் கணக்கிடப்படும். இறப்பதற்கு முன் அவர் பட்ட வலிக்கும் ஈடு உண்டு. குடும்பத்தின் துயரத்துக்கு மட்டும் இச்சட்டத்தின்கீழ் ஈடு இல்லை. 1913 ஆம் ஆண்டிலிருந்து நீதிமன்றங்கள் எடுத்திருக்கும் நிலைப்பாடு அது.

கையொப்பமிடும் முன்

விபத்து நடந்த உடனேயே நிறுவனத்தின் சார்பில் ஒருவர் வருவார். நட்டஈட்டுக் கோரிக்கைகளைக் கையாள்வதே அவரது தொழில். வைத்தியசாலைக் கட்டிலருகே வந்து நலம் விசாரிப்பார். வாக்குமூலத்தைப் பதிவு செய்யக் கேட்பார். சிலவேளை ஒரு தொகையையும் ஒரு பத்திரத்தையும் நீட்டுவார். அந்தப் பத்திரத்தில் ஒப்பமிட்டால் அதோடு கோரிக்கை முடிந்துவிடலாம். எனவேதான் தொழிற்சங்கங்கள் தம் உறுப்பினர்களுக்குச் சில விடயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

விபத்தை அன்றே எழுத்தில் அறிவியுங்கள். காரணமான கருவியையோ இடத்தையோ குறிப்பிடாமல் விடாதீர்கள். பின்னர் சொன்னால் நம்பமாட்டார்கள். கண்டவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பழுது திருத்தப்படும் முன் படம் எடுங்கள். வைத்தியரிடம் எல்லா வலியையும் சொல்லுங்கள். அவரது குறிப்பே நாளைய சான்று. சட்டத்தரணியிடம் கேட்காமல் எதிலும் ஒப்பமிடாதீர்கள். மூன்று ஆண்டுக் கெடுவை மறக்காதீர்கள்.

இவற்றுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. நிறுவனம் தன் பொறுப்பிலிருந்து முன்கூட்டியே தப்பிக்கும் வகையில் ஊழியரோடு செய்யும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. வேலைக்குச் சேரும்போது ‘நட்டஈடு கேட்கமாட்டேன்’ என்று எழுதி வாங்கியிருந்தாலும் அது வெறும் கடதாசியே. காயம் பற்றிய தகவலைச் சக ஊழியர்கள் தருவதைத் தடுக்கும் விதிகளும் செல்லாது. தகவல் தந்தவரை மிரட்டுவது குற்றம். காயத்தை அறிவித்ததற்காகப் பழிவாங்குவதை 2007 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு உள்ளான புகையிரதப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. பழிவாங்கப்பட்டவர் 180 நாட்களுக்குள் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். காயமடைந்தவர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும்படி கேட்டால், நிறுவனம் தாமதிக்காமல் கொண்டுசெல்ல வேண்டும்.

வழக்கு முடியும் வரை அடுப்பு எரிய வேண்டுமே? புகையிரத ஓய்வூதியச் சபை நோய்க்காலக் கொடுப்பனவு வழங்குகிறது. நட்டஈடு கிடைத்தால் அதிலிருந்து அத்தொகை திருப்பி அறவிடப்படும்.

இரண்டு வழிகள்

ஜேர்மனி 1884 இலும் பிரித்தானியா 1897 இலும் வேறொரு வழியைத் தேர்ந்தன. யாருடைய பிழை என்று கேட்பதில்லை. வேலையில் காயமடைந்தால் முன்கூட்டியே வகுத்த அளவில் பணம் கிடைக்கும். அமெரிக்க மாநிலங்களும் 1911 முதல் ஏனைய தொழிலாளர்களுக்கு இந்த வழிக்கே வந்தன. இலங்கையின் 1934 ஆம் ஆண்டு 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் இந்த மரபில் வந்ததே. இழந்த கைக்கு இத்தனை வீதம், பெருவிரலுக்கு இத்தனை வீதம் என்று அதில் அட்டவணை இருக்கிறது.

அட்டவணை வழி விரைவானது. பிழையை நிரூபிக்க முடியாதவருக்கும் ஏதோ கிடைக்கும். ஆனால் தொகை சிறிது, வலிக்குக் கணக்கில்லை, ஏன் நடந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. ஃபெலா வழியில் தொகை பெரிதாக இருக்கலாம். நிறுவனம் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். ஆனால் பிழையை நிரூபிக்க முடியாவிட்டால் ஒன்றுமே இல்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடலாம். சட்டத்தரணிக்கும் பங்கு கொடுக்க வேண்டும். பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கு முன்பே சமரசத்தில் முடிகின்றன.

புகையிரத நிறுவனங்கள் இந்தச் சட்டத்தை நீக்கி அட்டவணை முறையைக் கொண்டுவரும்படி பல தடவைகள் கேட்டிருக்கின்றன. தொழிற்சங்கங்கள் மறுத்தே வந்திருக்கின்றன. பிழைக்கு விலை கொடுக்க வேண்டும் என்றால்தான் நிறுவனம் பழுதான பிரேக்கைத் திருத்தும் என்பது அவர்களது வாதம். விலை முன்கூட்டியே தெரிந்த சிறு தொகை என்றால், திருத்துவதைவிடக் காயத்துக்குப் பணம் கொடுப்பது மலிவாகிவிடும்.

ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. இந்தச் சட்டம் புகையிரத நிறுவனத்தின் ஊழியர்களுக்கானது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்து அதே தண்டவாளத்தில் வேலை செய்பவர், உண்மையில் தன்னைக் கட்டுப்படுத்தியது புகையிரத நிறுவனமே என்று காட்டினால்தான் இதற்குள் வர முடியும். காட்ட முடியாவிட்டால் அவருக்கு மாநிலத்தின் அட்டவணை முறைதான். ஒரே இடத்தில், ஒரே காயத்துக்கு இரண்டு சட்டங்கள்.

நிக்கலஸ் ஃபார்வெலுக்கு நீதிமன்றம் சொன்னது, உன் கையின் விலை உன் சம்பளத்துக்குள் இருக்கிறது என்பதே. அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் சட்டம் அதை மாற்றியது. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ ஆயிரம் பேர் கையையும் காலையும் உயிரையும் இழந்திருந்தார்கள். அவர்களுக்கு எந்த அட்டவணையும் இருக்கவில்லை, எந்த நீதிமன்றமும் இருக்கவில்லை. பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது பணம் மட்டுமல்ல, ‘யாருடைய பிழை?’ என்று சபையில் கேட்கும் உரிமையும் கூட. அந்தக் கேள்வியைப் பணத்தோடு மாற்றிக்கொள்ள அவர்கள் இன்றுவரை இணங்கவில்லை.